மூன்றாவது அம்புக்குறி

துடியலூர்
3 நவம்பர் 2025

நிதா,

உன் எண்ணை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்து வைத்திருப்பது நான்தான். போன் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. ஆபீஸ் மெயிலில் எழுதலாம் என்றால், நம் மேனேஜர் பாலகோபால் சாருக்கும் ஒரு காப்பி போய்விடும். நான் எழுதப்போவதைப் படித்தால் பாவம், மனிதருக்கு மத்தியானச் சோறு இறங்காது. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். இது பெங்களூரு வந்து சேருவதற்குள் என் கோபம் ஆறிவிடும் என்று நினைக்காதே, ஆறாது.

வெள்ளிக்கிழமை வீடியோ மீட்டிங்கில், மையத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று நான் வரைந்த படத்தை நீ திரையில் போட்டாய். அதுவரைக்கும் சரி. நீ இப்போது டீம் லீட், திரை உன் கையில். ஆனால் அந்தப் படத்துக்காக, நாம் மென்பொருள் எழுதிக்கொடுக்கிற இந்த டயாலிசிஸ் மையத்தில் நான் ஒரு மாதம் பழியாகக் கிடந்தேன். நோயாளிக்கு ஒரு பாதை, போன் மேஜைக்கு ஒரு பாதை, நர்ஸுக்கு ஒரு பாதை என்று கோடு போட்டு, யார் என்ன செய்தபின் யார் என்ன செய்கிறார் என்று அவரவர் வாயாலேயே கேட்டுக் கட்டம் கட்டமாக வரைந்தேன். மையத்தின் செயலாளர் குமாரசாமி ஐயா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ அதில் ஒரு அம்புக்குறியை அழித்துவிட்டு, "ஸாரி சார், சின்ன ட்ராயிங் மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய்.

அது மிஸ்டேக் இல்லை. போன் மேஜையிலிருந்து மெர்சி முந்தின நாளே ஒவ்வொரு நோயாளியையும் கூப்பிட்டு, "நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை, வழி பிரிகிற டயமண்ட் கட்டத்துக்குள் எழுதினேன். ஆமாம் என்றால் கட்டில் அவருக்கு. இல்லை என்றால் காத்திருக்கிற இன்னொருவருக்கு. இந்த இரண்டு அம்பும் உனக்குப் பிடித்தவை. மூன்றாவது அம்பில் நான் எழுதியிருந்தது, "பாக்கலாமுங்க".

நீ அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷம்தானே ஆகிறது? அதற்குள் எல்லாம் மறந்துவிட்டதா? நம் பக்கத்தில் யார் வாயில் "இல்லை" வருகிறது? கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பாக்கலாமுங்க. மாடு விற்கக் கேட்டால் பாக்கலாமுங்க. பெண் கொடுக்க மனசில்லை என்றாலும் பாக்கலாமுங்க. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

அவிநாசியிலிருந்து மாரியாத்தாள் என்று ஒரு அம்மா செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பஸ் மாறி வருகிறார். எப்போது கேட்டாலும் அவருடைய பதில் இதுதான். இப்போது மெர்சி குரலை வைத்து ஊகித்து எழுதுகிறாள், பாதி நாள் தப்பாகப் போகிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி நம் மென்பொருள் வந்த பிறகு ஊகமும் கிடையாது. ஆமாம் என்று பதிவாகவில்லை என்றால் அந்தக் கட்டில் தானாக அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு தடவை தப்பினாலே கால் வீங்கி மூச்சு வாங்குகிற உடம்பு அது. நீ அழித்தது கோட்டை இல்லை, அந்த அம்மாவின் கட்டிலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் கீழே என் பெயர் இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் பாடுபட்டார்கள். விளைந்ததில் எங்கேயும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் செய்த வேலைக்குக் கீழே பெயர் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அதில் கை வைப்பதென்றால் என்னைக் கேட்டுவிட்டு வை.

அம்புக்குறியைத் திருப்பிப் போடு.

இனியா

*

பெங்களூரு
7 நவம்பர் 2025

இனியா மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிற இடங்களைப் பார்த்து, எந்தெந்த வரியில் பல்லைக் கடித்தாய் என்று புரிந்துகொண்டேன்.

எல்லோர் முன்னாலும் அழித்தது தப்பு. இதை ஒரு தடவைதான் சொல்வேன், பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் அழித்ததே தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன் படத்தை எடுத்துப் பார். அந்த மூன்றாவது அம்பு எங்கே போகிறது? "மீண்டும் பேசவும்" என்று ஒரு பெட்டி வரைந்து அதில் முட்ட விட்டிருக்கிறாய். அந்தப் பெட்டி யாருடைய பாதையிலும் இல்லை. இரண்டு கோட்டுக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. யார் பேச வேண்டும், மெர்சியா, நர்ஸா? எப்போது? பேசினபோதும் அந்த அம்மா பாக்கலாமுங்க என்றால் மறுபடி பேசவா? அதுவரைக்கும் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால், காத்திருப்பவருக்கு மட்டும் கால் வீங்காதா? எங்கேயும் போய்ச் சேராத அம்பை வைத்து இங்கே பையன்களால் ஒரு வரி கூட எழுத முடியாது. எழுதினாலும் அது நடுவழியில் விட்டுவிடும்.

நாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை கற்றவர்கள். யார் செய்வது என்று தெரியாத பெட்டியை வரையாதே என்று மற்றவர்களைப் படுத்தி எடுத்தது நீதான். உன் படம் என்பதால் உனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

ஊரை மறந்துவிட்டேன் என்றாயே, அதற்கும் பதில் இருக்கிறது. போன வருஷம் நான் இங்கே கிளம்பும்போது வீட்டில் விருந்து வைத்தோம். வருவாயா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாய். அத்தா உனக்கென்று கறியைத் தனியாக எடுத்து மூடி வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் வந்து சாப்பிட்டுப் போன பிறகும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. ஏன் என்று நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த அம்பு எங்கே போய் நின்றது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. உன் படத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் போய் அழித்ததோ என்னவோ.

நானும் வருத்தத்தோடும் கோபத்தோடும்தான் எழுதுகிறேன். கோபம் உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா என்ன.

நிதா

*

துடியலூர்
15 நவம்பர் 2025

நிதா,

உன் கேள்விக்குப் பதில் இல்லாததால் உடனே எழுதவில்லை. பதில் கண்டுபிடித்து உன் முகத்தில் அடிக்கலாம் என்று மையத்துக்குப் போனேன். வேறு ஒன்று நடந்துவிட்டது.

மெர்சியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு போன் மேஜையில் நானே உட்கார்ந்தேன். எல்லோரையும் ஒரு வழியாக ஆமாம், இல்லை என்று சொல்ல வைத்துவிட்டேன். எனக்கே என் திறமை பெருமையாக இருந்தது. கடைசியாக மாரியாத்தாள். வழக்கம்போல, "பாக்கலாமுங்க அம்மணி" என்றார். நான் விடவில்லை. "வர்றீங்களா, இல்லீங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க" என்றேன்.

"அப்ப வர்லீங்க" என்றார். போனை வைத்துவிட்டார். நான் கட்டிலை இன்னொருவருக்கு எழுதினேன்.

மறுநாள் மாரியாத்தாள் வந்து நின்றார். கூட அவர் மகன் தமிழ்வேந்தன். கட்டிலில் ஆள் இருந்தது. அந்த அம்மா சாயங்காலம் வரைக்கும் வராண்டா நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் நல்லவர், எல்லோரும் முடிந்த பிறகு நர்ஸை நிறுத்தி வைத்து அவருக்கும் செய்து அனுப்பினார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மகன் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "ஏனுங்க, அம்மாவ அப்படிக் கேட்டிருக்க வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னான். பிறகு அவனோடு டீ குடித்தபோதுதான் விஷயம் வந்தது. அவன் சோமனூரில் தறி ஓட்டுகிறான். மறுநாள் லீவு உண்டா இல்லையா என்று முதலாளி சாயங்காலம்தான் சொல்வார். அன்றைக்கு லீவு கிடைத்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். துணைக்கு ஆள் இல்லாமல் டயாலிசிஸ் செய்ய மாட்டோம் என்பது மையத்தின் விதி. ஆக, மெர்சி கேட்கிற நேரத்தில் அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. துணைக்கு வர ஆளில்லை என்று வெளியாளிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. அந்த ஒரு சொல்லில் இத்தனையும் இருக்கிறது. நான் அதை வாயிலிருந்து பிடுங்கினேன்.

உன் விருந்துக்கும் அதேதான். லீட் பதவிக்கு நாம் இரண்டு பேரும் போனோம், உனக்குக் கிடைத்தது. வந்து சிரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாய். இப்போது தெரிந்துவிட்டது, போதும்.

அம்புக்குறி எங்கே போக வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அழிக்கக் கூடாது என்பது மட்டும் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது.

இனியா

*

பெங்களூரு
18 நவம்பர் 2025

அடி இனியா,

வயிறு எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கறியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்து எரிகிற வயிற்றில் போட்டிருப்பேனே. ஒரு வருஷம் வீணாகப் போனது. இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம். நேரில் பார்க்கும்போது ஒரு அடி கொடுக்கிறேன், வாங்கிக்கொள்.

இப்போது வேலைக்கு வா. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கடை ஞாபகம் வந்தது. காலேஜ் லீவில் எல்லாம் ஒப்பணக்கார வீதியில் எங்கள் ஜவுளிக் கடையில் நின்றவள் நான். மெஷின் போல சேலை மடிப்பேன், உனக்குத் தெரியும். சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கலாமுங்க" என்கிற அம்மாவிடம் போய், "வேணுமா வேண்டாமா" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். அப்படிக் கேட்டு நானே ஆட்களைத் துரத்தியிருக்கிறேன். பிறகு கற்றுக்கொண்டேன். "பச்சைய எடுத்து வெக்கட்டுங்களா, அரக்க எடுத்து வெக்கட்டுங்களா?" என்று கேட்பேன். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குக் குறைவில்லை. பதில் பட்டென்று வரும்.

நீயும் நானும் அம்பைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றோம். கோளாறு அம்பில் இல்லை. டயமண்டுக்குள் எழுதின கேள்வியிலேயே இருக்கிறது. வருவீர்களா என்று கேட்டால் இல்லை என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறோம். அந்த வழியாகப் போக அவர்களுக்கு வெட்கம். அதனால் நடுவில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. "துணைக்கு ஆள்" என்கிற பெட்டி உன் படத்தில் நோயாளியின் பாதையில் இருக்கிறது. விதி அப்படி, நீ பார்த்ததை வரைந்தாய், சரி. ஆனால் அது ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று நீ யாரையாவது கேட்டாயா? நானும் கேட்கவில்லை, உன் அம்பை அழிப்பதிலேயே குறியாக இருந்தேன். அந்தப் பெட்டியைத் தூக்கி மையத்தின் பாதையில் வைத்துப் பார். என்னவெல்லாம் மாற வேண்டும் என்று படமே காட்டிவிடும்.

என் எண்ணை இன்னும் திறக்கவில்லை. இருக்கட்டும். கடிதத்தில் நீ நன்றாகத்தான் எழுதுகிறாய்.

நிதா

*

துடியலூர்
25 நவம்பர் 2025

நிதா,

உட்கார்ந்து படி. உன் சினேகிதி ஒரு காரியம் செய்திருக்கிறாள்.

பெட்டியைத் தூக்கி மையத்தின் பாதையில் வைத்தேன். வைத்த உடனே பல்லை இளித்தது. மையம் துணை கொடுப்பதென்றால் அவிநாசிக்கு யார் போவது? உள்ளே வந்த பிறகு பக்கத்தில் இருக்க ஆயா இருக்கிறார், அது பிரச்சினை இல்லை. அழைத்து வருவதற்குத்தான் வழியில்லை. புது வண்டி கேட்டால் குமாரசாமி ஐயா என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும்.

செப்டம்பரில் நான் வரைந்த இன்னொரு படம் ஞாபகம் இருக்கிறதா? கட்டில் துணிகள் வெளுக்கப் போய்த் திரும்பும் படம். யாரும் மதிக்காத படம், நீகூட "துணி துவைக்கிறதுக்கெல்லாம் ஒரு டயக்ராமா" என்று கிண்டல் செய்தாய். அதை எடுத்து இந்தப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அன்புமணி அண்ணன் ஓட்டுகிற மையத்து வேன் தினமும் விடிந்ததும் அழுக்குத் துணியோடு கிளம்புகிறது. எங்கே போகிறது? அவிநாசி சலவைக்கூடத்துக்கு, துணைக்குத் திண்டாடுகிறவர்கள் இருக்கிற அதே வழியில். திரும்பும்போது வெளுத்த துணி பின்னால், முன் சீட்டுகள் காலி. சாயங்காலம் மறுபடி ஒரு நடை. ஒரு படத்தில் ஆள் வர வண்டி இல்லை. இன்னொரு படத்தில் வண்டி இருக்கிறது, ஆள் இல்லை. அந்த வேனை தினமும் எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டு காகிதமும் அருகருகே வந்தபோதுதான் அது தெரிந்தது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் மெர்சியைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

அப்புறம் கேள்வி. உன் பச்சைச் சேலை, அரக்குச் சேலை மாதிரியே வைத்தேன். "கூட ஆராச்சும் கூட்டிட்டு வர்றாங்களா, இல்ல நம்ம வண்டி அனுப்பட்டுங்களா?" இரண்டு அம்பும் கட்டிலுக்குத்தான் போகின்றன. ஒன்று நேராக, இன்னொன்று அன்புமணி அண்ணனின் பாதை வழியாக. நிஜமாகவே வர முடியாதவர்கள் தாங்களாகவே, "நாளைக்கு வேற சோலி இருக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அதுதான் இப்போது என் மூன்றாவது அம்பு. அது காத்திருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. மூன்று அம்பு, மூன்றுக்கும் போய்ச் சேர இடம் உண்டு.

குமாரசாமி ஐயாவிடம் காட்டினேன். பாலகோபால் சாரும் இருந்தார். ஐயா சுவருக்குப் பக்கத்தில் போய் வேனின் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் திரும்பி என்ன சொன்னார் தெரியுமா?

"பாக்கலாமுங்க."

பாலகோபால் சார் லேப்டாப்பை மூடப் போனார். நான் சிரித்துக்கொண்டே, "ஐயா, வண்டி திங்கக்கிழமையிலிருந்து போகட்டுங்களா, செவ்வாக்கிழமையிலிருந்து போகட்டுங்களா?" என்றேன். ஐயா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "உன்ற பொழப்பு நல்லாத்தான் இருக்குது கண்ணு. திங்கக்கிழமையே போகட்டும்" என்றார். துணை ஆள் விதியையும் அங்கேயே மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

புதுப் படத்தின் கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறேன். என் பெயருக்கு அடுத்துத்தான்.

இனியா

*

பெங்களூரு
28 நவம்பர் 2025

இனியா,

குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஜையில் விரித்தேன். ஒவ்வொரு அம்பையும் தொடர்ந்து போனேன். ஒன்று கூட அந்தரத்தில் நிற்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், உன்னைப் போல ஒரு வருஷம் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

இங்கே அனீஸ் என்று ஒரு பையன் திரைகளை எழுதுகிறான். உன் கேள்வி நீளமாக இருக்கிறதாம். "வருகை உறுதியா, ஆம், இல்லை" என்று சுருக்கிவிடட்டுமா என்று கேட்டான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மாரியாத்தாள் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய் முழுக் கேள்வியையும் தமிழில், நீ எழுதியபடியே, ஆராச்சும் உட்பட, திரையில் வைத்துவிட்டான். இந்தக் கட்டடத்தில் நம் ஊர்ப் பேச்சு ஓடுகிற மென்பொருள் இது ஒன்றுதான். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை என்ன ஆகிறது என்று எழுது. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

நிதா

*

துடியலூர்
2 டிசம்பர் 2025

நிதா,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன், வேண்டும்போது கூப்பிடு. ஆனால் இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசுவாய். அதனால் எழுதிவிடுகிறேன்.

நேற்று மெர்சி கூப்பிடும்போது நான் பக்கத்தில் நின்றேன். திரையில் வந்த கேள்வியை அப்படியே படித்தாள். மாரியாத்தாள், "வண்டிங்களா?" என்று கேட்டார். மெர்சி ஆமாம் என்றாள். "அப்ப வண்டியே வரட்டுமுங்க. பையனுக்கு நாளைக்கு தறி இருக்குது" என்றார். இழுக்கவில்லை, தயங்கவில்லை. சாதாரணமாக மகனைப் பற்றிச் சொன்னார்.

இன்று காலை வேனின் முன் சீட்டில் வந்து இறங்கினார். அன்புமணி அண்ணன் கையைப் பிடிக்கப் போனார், வேண்டாம் என்று தானே இறங்கினார். அவர் கட்டில் அவருக்காகக் காலியாக இருந்தது. ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு நான் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குப் போனில் பேசினது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியுமுங்க, குரல் அதேதானுங்க" என்றார். பிறகு, "தொணைக்கு ஆளில்லீன்னு எப்படீங்க அம்மணி வாய்விட்டுச் சொல்றது? இப்ப நானு ஒண்ணுஞ் சொல்ல வேண்டியதில்லீங்க, நீங்களே வண்டீன்னு சொல்லிப்போடறீங்க" என்றார்.

எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, நான் செய்கிற வேலை இதுதான் என்றேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இருந்தாலும் கோடுகளை நிதானமாகப் பார்த்தார்.

"இதுல நானு எங்கீங்க இருக்கறேன்?"

போய் விரல் வைத்துக் காட்டினேன். நோயாளியின் பாதை, எல்லாவற்றுக்கும் மேலே.

"பரவால்லியே, எல்லாத்துக்கும் மேல வெச்சிருக்கறீங்க" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

யாருக்காக வேலை நடக்கிறதோ அவர்களை மேலே போடுவது ஒரு வழக்கம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பெங்களூரிலும் அப்படித்தான் போடுகிறார்கள், எங்கேயும் அப்படித்தான். நான் அதைச் சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

இனியா